லண்டன் கலியாண விசா: உதைக்கிறது இரண்டாம் தரத்தில்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிற வீடுகளில் முழுக் கவனமும் முதல் விசாவில்தான். கலியாண எழுத்து, ஏ1 என்கிற ஆரம்ப மட்ட ஆங்கிலச் சோதனை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை, விரலடையாளம் என்று ஓடி விசா வந்ததும், "இனிக் கரைச்சல் இல்லை" என்று எல்லாரும் இருந்துவிடுகிறார்கள். வந்தது வெறும் 33 மாதம். அது முடிய முதல் அங்கே இருந்தபடியே இன்னொரு 30 மாதத்துக்குப் போட வேணும். நிரந்தர வதிவிடம் கேட்க ஐந்து வருடம் நிறைய வேணும்.

இந்த நீட்டிப்பில் ஆங்கிலம் பெரிய தடை இல்லை. ஏ1க்கு அடுத்த ஏ2 மட்டம், பேச்சும் கேட்டலும் மட்டும்தான், எழுத்து இல்லை. என் அபிப்பிராயத்தில் பெரிய ஓட்டை வேறு இடத்தில்: கலியாணம் கட்டிப் போன பிள்ளை இருக்கிற வீட்டு விலாசத்துக்கு அவளின் பெயரில் ஒரு கடிதமும் வந்திருக்காது.

இருவரும் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட, கடந்த இரண்டு வருடத்தில் பரவலான திகதிகளில் ஆறு கடிதங்கள் கேட்பார்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்து வந்திருக்க வேணும். இருவர் பெயரிலும் வந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே விலாசத்துக்கு ஆளுக்காள் தனித்தனியாக. மாமன் மாமியோடு இருக்கிற வீட்டில் கரண்ட் பில், தண்ணி பில், கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) எல்லாம் மாமனார் பெயரில். மருமகளுக்கு பாங்க் எக்கவுண்டும் இல்லை. இரண்டரை வருடம் கழித்து எதைக் காட்டுவது?

போன முதல் மாதமே ஜிபியில் (குடும்ப வைத்தியரிடம்) பதியச் சொல்லுங்கள்; ஆஸ்பத்திரிக் கடிதங்கள் அதன் பிறகு தானாக வரும். வேலைக்குத் தேவையான நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்துக்கு விண்ணப்பித்தால் அரசாங்கக் கடிதம் வரும். அவளின் பெயரில் பாங்க் எக்கவுண்ட், முடிந்தால் கூட்டு எக்கவுண்டும். எங்கட ஆக்கள் அதிகம் விடுகிறது வாக்காளர் பதிவு. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் விசாவில் இருக்கிற பிள்ளையும் அங்கே வாக்காளராகப் பதியலாம். கவுன்சில் கடிதம் பெயரும் விலாசமும் போட்டு வரும். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் திகதி ஒழுங்கில் வைக்க வேணும். இதற்கெல்லாம் மறிப்புப் போடுகிற வீடு அவளின் விசாவோடுதான் விளையாடுகிறது.

அடுத்தது வருமானம். 2024 ஏப்ரல் 11 தொடக்கம் முதல் விசாவுக்குப் போட்டவர்களுக்கு வருடத்துக்கு 29,000 பவுண். அதற்கு முன் போட்டு, அதே துணையோடு நீட்டிப்பவர்களுக்குப் பழைய 18,600தான். அந்தப் பழைய கணக்கில் மட்டும், விசா தேவைப்படுகிற குழந்தை இருந்தால் கூடும். நீட்டிப்பில் பெண்ணின் லண்டன் சம்பளத்தையும் சேர்க்கலாம், இது பலருக்குத் தெரியாது. ஒரே இடத்தில் வேலை என்றால் ஆறு மாதப் பேஸ்லிப், அதே ஆறு மாதத்து பாங்க் ஸ்டேட்மெண்ட், முதலாளியின் கடிதம். பேஸ்லிப்பில் இருக்கிற தொகை பாங்கில் விழுந்திருக்க வேணும். பாதி கைக்காசாகக் கொடுக்கிற கடையில் வேலை என்றால் அங்கேதான் மாட்டும்.

காசு: விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,321 பவுண் ஆனது. ஏப்ரலில் ஏறுகிற பழக்கம் அதற்கு உண்டு. அதோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம், இரண்டரை வருடத்துக்கு 2,587.50. லோயர் காசு வேறு.

விசா முடிய முதல், கடைசி 28 நாளுக்குள் போடுவதுதான் வழக்கம். கன நாள் முந்திப் போட்டால் ஐந்து வருடக் கணக்கில் நாள் குறைந்து, கடைசியில் இன்னொரு நீட்டிப்புக்குக் காசு கட்ட வேண்டி வரலாம். பிந்தினால் அதைவிட மோசம். 14 நாள் சலுகை என்று சொல்வது தக்க காரணம் காட்டினால் மட்டும். நேரத்துக்குப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய விசா அதே நிபந்தனைகளோடு ஓடும், வேலையும் செய்யலாம். ஆனால் அந்த இடைவெளியில் நாட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ செத்த வீட்டுக்கோ வந்தால் விண்ணப்பத்தை மீளப் பெற்றதாகவே எடுப்பார்கள். இங்கே இருந்து "ஒருக்கா வந்திட்டுப் போ பிள்ளை" என்று அழுத்துகிற தாய் தகப்பன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேணும்.

இப்போது விசா அட்டையில் இல்லை, இணையக் கணக்கில். அந்தக் கணக்கின் ஈமெயிலும் தொலைபேசி இலக்கமும் பிள்ளையினதாகவே இருக்கட்டும். புருஷனின் ஈமெயிலில் திறந்தால், அவன் கடவுச்சொல்லை மாற்றினதும் அவளின் விசா அவளுக்கே தெரியாது. புதுப் பாஸ்போட் எடுத்தால் அதையும் கணக்கில் ஏற்ற வேணும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் இழுபடும்.

பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற அம்மாமாருக்கும் ஒன்று. இரண்டு வருட விசிட் விசா என்றாலும் ஒரு தரத்தில் ஆறு மாதம்தான். பேரப்பிள்ளையைப் பார்க்க என்று அதை நீட்ட முடியாது. விசிட் விசாவில் போய் அங்கேயே கலியாண விசாவுக்கு மாறவும் முடியாது.

புருஷன் அடித்தால் விசா போய்விடும் என்று பயந்து கிடக்கத் தேவையில்லை. வீட்டு வன்முறையால் பிரிந்தவர்களுக்கு முதலில் மூன்று மாதம் அரச உதவியோடு தங்க அனுமதி கேட்கலாம், பிறகு நேரே நிரந்தர வதிவிடத்துக்குப் போடலாம். அதற்கு ஆங்கிலச் சோதனையும் இல்லை. ஊருக்குக் கூட்டிவந்து, பாஸ்போட்டைப் பறித்துக்கொண்டு தனியே திரும்பிப் போனவனின் மனைவிக்கும் 2024 ஜனவரி 31 தொடக்கம் இங்கே இருந்தே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. வன்முறைக்கான ஆதாரம் வேணும்: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியர் குறிப்பு, வந்த மெசேஜ்கள். ஃபோனை அழிக்க முதல் அவற்றைப் பிரதி எடுத்து இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.