மணியை அடித்தது நான்தான்

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் எழுத்தாளர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பொறுத்தேன். இன்று காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், அங்கே தன் நாவலைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு பெரியவரைக் கேலி செய்கிற வீடியோவை என் நட்பில் இருக்கிற நான்கு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தமிழாசிரியர். மேலே "அதாங்க சார் கதை" என்று தலைப்பு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இனிமேல் சும்மா இருக்க முடியவில்லை.

உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போக வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவர் எழுதியது நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதைப் படிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் அவருக்குப் பேச வருமா வராதா என்பது தெரியும். எழுத வருமா என்பது தெரியாது. இதைப் பத்திரிகையிலும் பதிப்பிலும் இருபது வருஷம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

அந்த வீடியோ நாற்பது விநாடிதான். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எழுத்தாளர் கூட்டத்தில் மதியத்துக்கு மேல் கைப்பிரதி நேர்காணல் வைத்திருந்தார்கள். ஐந்து மேசை, ஐந்து பதிப்பாசிரியர்கள். முந்நூறு ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்தவர்களுக்கு டோக்கன். ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்த நேரத்துக்குள் தன் நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடியோவில் இருக்கிற பெரியவரும் டோக்கன் வாங்கியிருந்தார். வயது எழுபதுக்குப் பக்கம். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்று மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையைப் பார்த்துக்கொள்வது, முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரியெல்லாம் மதகிலேயே கிடப்பது, இதுதான் லஸ்கர் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தவர் மஞ்சப்பையில் ஆறு நீள நோட்டு கொண்டுவந்திருந்தார். எல்லாம் கையெழுத்து.

உட்கார்ந்ததும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து, அதாவது ஆறு பிரிகிற மதகிலிருந்து, ஆரம்பித்தார். கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு அங்கே மறுபடி பிரிகிறது. வெண்ணாறு ஒரு பக்கம், பாமணியாறு ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம். எதில் எவ்வளவு விடுவது என்று மேலே ஆபீசில் முடிவு செய்வார்கள். அந்த முடிவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு, தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைக்காரனிடம் பதில் சொல்ல வேண்டியவன் லஸ்கர். இதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் ஆவதற்குள் ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஐயா, இதெல்லாம் இருக்கட்டும், கதை என்ன? ஒரே வரியில சொல்லுங்க."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அதாங்க சார் கதை" என்றார்.

பக்கத்து மேசைகளிலும் சிரித்தார்கள். யாரோ போனைத் தூக்கினார்கள். அவர் மறுபடி மூணாறு தலைப்புக்கே போனார். அப்புறம் மணி அடித்தது.

மணியை அடித்தது நான்தான். வீடியோவில் என் கை தெரிகிறது, பச்சை வளையல். தன்னார்வலராக வரச் சொன்னார்கள், போனேன், நேரம் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஆகவே இதை வெளியிலிருந்து எழுதவில்லை. அந்தக் கூடத்தில் நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. "நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்" என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், இருந்தேன். அதனால்தான் மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை.

"வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று அன்றைக்கே ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். சரி, அங்கே எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் இலக்கிய முகவர் என்று ஒருவர் உண்டு. உள்நாட்டில் புத்தகம் விற்றால் எழுத்தாளருக்கு வருகிற பணத்தில் வழக்கமாக 15 சதவீதம் அவருக்கு. எழுத்தாளர் சம்பாதித்தால்தான் அவருக்கும் காசு. அதனால் நல்ல கைப்பிரதியைத் தேடும் அவசியம் அவருக்கு இருக்கிறது. கைப்பிரதியைப் படித்துப் பார்ப்பதற்கென்று எழுத்தாளரிடம் காசு வாங்கக் கூடாது என்பது அங்குள்ள முகவர் சங்கத்தில் நெடுநாளாக இருந்துவரும் நெறி. மாநாடுகளில் இந்த மாதிரி மேசைச் சந்திப்பு வைக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் யாரும் புத்தகத்தை ஏற்பதும் இல்லை, புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதுவதும் இல்லை. பேச்சு நன்றாகப் போனால் முகவர் சொல்வது, "முதல் பக்கங்களை அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்." அவ்வளவுதான். அங்கேயும் கடைசியில் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்!

நாம் எடுத்துக்கொண்டது கடிகாரத்தை மட்டும். அந்த மாதிரி முகவர் இங்கே அநேகமாக இல்லை. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023-இல் தொடங்கியது, நல்ல காரியம். அங்கே பேசுவது பெரும்பாலும் அச்சான புத்தகங்களின் மொழிபெயர்ப்பு உரிமை பற்றி. முதல் நாவலை மஞ்சப்பையில் கொண்டு வருகிறவருக்கு அங்கே வேலை இல்லை. அவருக்கு நேரே பதிப்பாளர்தான். அந்தப் பதிப்பாளரும் நோட்டைத் திறக்கவில்லை என்றால் அவர் எங்கே போவார்?

அன்று ஆறு நோட்டில் ஒன்றைக்கூட மேசையில் யாரும் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"ஒரு ஆசிரியருக்கு மாதத்துக்கு எத்தனை கைப்பிரதி வருகிறது தெரியுமா, எல்லாவற்றையும் படிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கம் படியுங்கள். எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் பேசாமல் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். அதே ஐந்து நிமிடம்தானே?

"தன் நாவலைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாதவருக்கு நாவல் எழுதத் தெரியுமா" என்று இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார். இதற்குப் பதில் சொல்லவே எனக்குக் கோபம் வருகிறது. சிறுகதை எழுத்தாளர் மௌனி இதே கும்பகோணத்தில் வாழ்ந்தவர். மொத்தமாக எழுதியது 24 கதைகள். அதில் எந்தக் கதையை நீங்கள் ஒரு வரியில் சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு அந்தக் கதையையும் எடுத்துப் படியுங்கள்.

இதே ஊர்க் கல்லூரியில் உ.வே.சா. ஆசிரியராக இருந்தபோது, 1880-இல், முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கோவை, உலா என்று அவர் சொல்லிக்கொண்டே போக, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். பிரதி கிடைக்கவில்லை என்றதும் தன்னிடம் இருந்த பிரதியைக் கொடுத்தார், சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். ஏழு வருஷம் கழித்து, 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இந்த ஊரில் ஒரு கைப்பிரதிக்குக் கிடைத்த மரியாதை அது. திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்கள் அரங்கேற்றியபோது நாள் கணக்கில் வாசித்து, பொருள் சொல்லி, சபை உட்கார்ந்து கேட்டது. "அரங்கேற்றமும் இதுபோலத்தானே" என்று யாராவது சொன்னால் அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே நூலைத்தான் கேட்டார்கள்.

எனக்கு இதில் இவ்வளவு ஆத்திரம் வருவதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

மன்னார்குடியில் பத்தொன்பது வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, பத்திரிகை, ஆய்வேடு எல்லாம் அடிப்பேன். வருஷத்துக்கு நாலைந்து பேர் நாவல், கவிதை கொண்டு வருவார்கள். முதலில் பாமினி எழுத்துருவில் அடித்தேன், பிறகு யூனிகோடுக்கு மாறினேன். அடித்துக் கொடுத்த கைப்பிரதிகளுக்கு மெய்ப்பும் நானே பார்ப்பேன். அதனால் எனக்கு ஒன்று தெரியும். நன்றாகப் பேசுகிறவர் நன்றாக எழுதுவார் என்று எந்த நிச்சயமும் இல்லை. கடையில் வந்து ஒரு மணி நேரம் தன் கதையைச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரவழைத்தவரின் கைப்பிரதியில் ஒரு பக்கம்கூட உயிரோடு இல்லாததைப் பார்த்திருக்கிறேன். விலை மட்டும் கேட்டுவிட்டு, வேறு ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை வைத்துவிட்டுப் போன ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் எழுதிய பிரசவ வார்டு அத்தியாயத்தை அடிக்கும்போது, பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவரை அந்த மேசையில் உட்கார வைத்திருந்தால் "ஆஸ்பத்திரிக் கதைங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் என் கதை. சில வருஷம் முன்னால் என் சிறுகதைகளைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். அவர் கடைக்கு மூன்று முறை போனேன், மன்னை எக்ஸ்பிரஸ் டிக்கெட் எல்லாம் இன்னும் வைத்திருக்கிறேன். பதினோரு மாதம் கழித்து, "முழுசாப் படிச்சேம்மா, நல்லா இருந்துச்சு, ஆனா நமக்குச் சரிவராது" என்றார். திரும்பி வந்து ஸ்பைரலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, நடுவில் பதினாறு பக்கம் இல்லை. அவை என் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தட்டிலேயே தங்கிவிட்டிருந்தன. ஒரு கதையின் முடிவும் அடுத்த கதையின் தொடக்கமும் இல்லாத பிரதியை அவர் முழுசாகப் படித்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. படித்தேன் என்று சொன்னதுதான் இன்றுவரை வலிக்கிறது.

"அவர் வயதானவர், விவசாயத்தோடு சம்பந்தப்பட்டவர், அதனால் உருகுகிறீர்கள்" என்று சொல்லாதீர்கள். பரிதாபப்பட்டுப் புத்தகம் போடச் சொல்லவில்லை. அது அவருக்கு அவமானம். அவர் எழுதியது மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காவிரி என்றால் நாவல் விற்கும் என்று தெரியும். ஆடிப்பெருக்கு, படித்துறை, டிகிரி காப்பி, வெற்றிலை எல்லாம் வேண்டும். அட்டையில் ஆறு வேண்டும். ஆனால் அந்த ஆற்றின் ஷட்டரை முப்பது வருஷம் திருகியவர் வந்து, தண்ணீர் எங்கே எப்படிப் பிரிகிறது என்று சொன்னால் "இதெல்லாம் இருக்கட்டும்" என்கிறீர்கள். இருக்கட்டும் என்றால் எங்கே இருக்கட்டும்? ஜூன் 12 மேட்டூர் திறந்தது என்று செய்தியில் பூ தூவுவதைக் காட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிற வரைக்கும் நடக்கிற சண்டை, கெஞ்சல், பூட்டை உடைப்பது, பொய் சொல்வது எல்லாம் யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் எழுதிக் கொண்டுவந்தார். நாம் மணி அடித்தோம்.

கூட்டம் முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "இதுல என்னம்மா இருக்கு. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷந்தான். மொறத் தண்ணி மாதிரி. நம்ம மொற முடிஞ்சா அடுத்தவனுக்கு விடணும்ல" என்றார். அவருக்குக் கோபமே இல்லை. அந்த வீடியோ அப்போது வெளியே வந்திருக்கவில்லை. இப்போது பேரன் போனில் பார்த்திருப்பார்.

நோட்டைக் கேட்டேன், கொடுத்தார். அங்கேயே நின்று முதல் நாலு பக்கம் படித்தேன். அமாவாசை இருட்டில், ஷட்டர் பலகையில் காதை வைத்து, அந்தப் பக்கம் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற ஒருவன். கரையில் அரிக்கேன் விளக்கோடு ஒரு பெண், அரை அடி திறந்துவிடச் சொல்லி வந்திருக்கிறாள், ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. விளக்கை மட்டும் தூக்கிக் காட்டுகிறாள். அவள் வயல் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மூன்றாம் பக்கம் முழுவதும் அவன் திறப்பானா மாட்டானா என்பதுதான். எழுத்துப்பிழை நிறைய இருக்கிறது. ரகரமும் றகரமும் மாறி மாறி வருகிறது. அதைத் திருத்த என்னைப் போல ஆயிரம் பேர் இருக்கிறோம்.

அந்த வீடியோவை எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள். பகிர்ந்த நால்வரும் எடுத்துவிடுங்கள். சார், நீங்களும்தான். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

அன்று அந்த மேசையில் இருந்த ஆசிரியருக்கு: நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மதியத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக் களைத்திருந்தீர்கள், கண்ணால் பார்த்தேன். பெரியவரிடம் அனுமதி கேட்டு முதல் நோட்டை வாங்கி வந்துவிட்டேன். இதுவரை 22 பக்கம் அடித்திருக்கிறேன், யூனிகோடில்தான். உங்கள் மின்னஞ்சலுக்கு இன்றைக்கே அனுப்புகிறேன். பக்க எண் எல்லாம் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், ஒரு பக்கமும் விடுபடவில்லை. அடுத்த வியாழக்கிழமை இரண்டாவது நோட்டோடு அவர் என் கடைக்கு வருகிறார்.