நிறைவான வாழ்வு என்றால் கடன் தீர்வதல்ல

மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன், ‘யோவான் 10:10-ல் நிறைவான வாழ்வு தர வந்தேன் என்று இயேசு தந்த வாக்கு கடன் தீரும், வீடு எழும்பும், நோய் அண்டாது என்பதுதான், அது கிடைக்காதவர்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று எழுதியிருக்கிறார். அண்ணே, இது தவறு. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் உயிரையே கொடுக்கிறான் என்று அங்கே வருகிறது. பொருள் எவ்வளவு மிகுந்தாலும் வாழ்வு அதில் இல்லை என்று லூக்கா 12:15-ல் அவரே சொல்லியிருக்கிறார். குறைவிலும் நிறைவிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றேன் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து.

அவ்வளவு தூரம் போவானேன்? தேவகோட்டைக்காரர்களுக்கு ஓரியூர் தெரியாதா! அங்கே 1693-இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), நற்செய்தி சொல்ல இங்கே வந்த போர்ச்சுகல் நாட்டுக் குரு; லிஸ்பன் அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்தவர். இடையில் ஊர் திரும்பியபோது அங்கேயே இருந்துவிடும்படி மன்னர் கேட்டும், நம் ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமைக்கே மறுபடி வந்தார். சொத்தும் சுகமும்தான் அடையாளம் என்றால் அவருக்கு விசுவாசம் இல்லை என்றாகிவிடும். அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஜெபம் வேண்டாம், உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் தீரக் கேளுங்கள், தாராளமாக. ஆனால் காரைக்குடியில் கடை நொடித்து, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வரும் அக்காவும் உங்கள் பதிவைப் படிப்பார். அவருடைய விசுவாசத்தை அளக்க நாம் யார்? விசுவாசம் போதவில்லை என்ற அந்தக் கடைசி வரியை மட்டுமாவது தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.