ஏழை யார் என்று நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம்

இலங்கை அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தைப் பற்றிக் கதை வந்தாலே எல்லாப் பழியும் அரசாங்கத்தின் மேல்தான் விழுகிறது. கணக்கெடுப்பு பிழை, அதிகாரி பிழை, அரசியல்வாதி பிழை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏழை என்றால் இப்படித்தான் இருப்பார் என்று நாம் எல்லோரும் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறோமே, அரசாங்கத்தின் படிவமும் பெரும்பாலும் அதே படத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

அந்தப் படத்தில் ஓலைக் கூரை இருக்கும், மண் சுவர் இருக்கும், குப்பி விளக்கு இருக்கும். கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கத்துத் தோட்டங்களுக்குள், அதாவது நெருக்கமாக வீடுகள் அடைந்த குடியிருப்புகளுக்குள், அப்படி ஒரு வீட்டைத் தேடினாலும் கிடைக்காது. கல் சுவர் இருக்கும், கரண்ட் இருக்கும், டிவியும் இருக்கும். இரவுச் சாப்பாடு இருக்குமா என்பது, அன்றைக்குப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. 2019 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் வறுமை 2.3 வீதம், முல்லைத்தீவில் 44.5. முல்லைத்தீவுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 2.3 என்ற இலக்கத்தைப் பார்த்து, கொழும்பில் ஏழையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறார். அவருடைய மீட்டரிலிருந்துதான் மூன்று வீடுகளுக்குக் கரண்ட் போகிறது. பில் இவர் பெயரில் வரும். மற்ற இரண்டு வீட்டுக்காரரும் மாதக் கடைசியில் தங்கள் பங்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், முடியாத மாதத்தில் தவணை சொல்வார்கள். அஸ்வெசும தெரிவுக்கு 22 குறிகாட்டிகள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. கணக்கெடுக்க வந்தவர் பில்லைப் பார்த்து யூனிட்டைக் குறித்துக்கொண்டார். மூலையில் நின்ற ஃபிரிட்ஜையும் பார்த்தார். அது ஓடி வருடக்கணக்காகிறது. கரப்பானுக்குப் பயந்து அரிசி மா பைக்கற்றுகளை அக்கா அதற்குள் வைத்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

“அவவுக்கு எதுக்கு? ஃபிரிட்ஜ் இருக்குதானே” என்று அதே ஒழுங்கையில் சொன்னார்கள். இது வெறும் வாய்க் கதையாகப் போகிற விஷயமில்லை. அஸ்வெசும பட்டியலை வெளியில் ஒட்டுகிறார்கள், பெயர் வந்தவர்களுக்கு எதிராக யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். அப்படியென்றால், நம்முடைய அபிப்பிராயத்துக்கு அந்தத் திட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம். 1953இல், அரசாங்கம் கூப்பனுக்கு மலிவாகக் கொடுத்துவந்த அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூட வேண்டியிருந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலை ஏறினால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு ஆசிரியர் வீட்டுக்கும் தெரியும், கூலிக்காரர் வீட்டுக்கும் தெரியும், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் கூப்பன் இருந்தது. 1979இல் அதை உணவு முத்திரையாக மாற்றி, வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். ஏழைக்கு மட்டும் கொடுப்பதுதானே நியாயம் என்று கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலைவாசி வருடா வருடம் ஏற, முத்திரையின் பெறுமதி அப்படியே நின்றது. சில வருடங்களிலேயே அதன் மதிப்பு பாதியளவுக்குத் தேய்ந்துபோனது. இந்த முறை ஹர்த்தால் வரவில்லை. தேய்ந்தது யாருக்கு என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஜனசவிய, சமுர்த்தி என்று வேறு நிவாரணத் திட்டங்கள் வந்தன. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறியது.

2022இல் மறுபடியும் எல்லோருக்கும் தெரிந்தது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வெள்ளவத்தை மாடி வீட்டுக்காரரும் பால்மாவைத் தேடி அலைந்தார். உலக வங்கியின் அளவுகோலில் நாலு பேரில் ஒருவர் வறுமைக்குள் போனார்கள். அடுத்த வருடம் அஸ்வெசும வந்தது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை ஒரு காரணம் என்றாலும், அந்த வரிசைகளும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். வரிசை போய்விட்டது, கதையும் நின்றுவிட்டது. 2024இலும் வறுமை பெரிதாக இறங்கவில்லை.

ஒரு நாள் அதிர்ச்சியால் எதுவும் நடக்காது. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், மாளிகாவத்தையில் நோன்புக் காசு, அதாவது நோன்பு மாதத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மப் பணம், வாங்கப் போன மூன்று பெண்கள் நெரிசலில் செத்தார்கள். கொழும்பு நடுவில், ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய்க் காசுக்கு. நாடே பேசியது. பேச்சு முழுக்க யார் கூட்டம் கூட்டியது, யாரைக் கைது செய்தார்கள் என்பதாகவே போனது. இவ்வளவு பேர் ஏன் அந்த வாசலில் நின்றார்கள் என்ற கேள்வியை யாரும் கடைசிவரை கொண்டுபோகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பட்டியல் ஒட்டியதும், தகுதியில்லாமல் உள்ளே வந்தவர் யார் என்று தேடப் பலர் இருக்கிறார்கள். விடுபட்டவர் யார் என்று தேடி, மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்து, ஒரே மீட்டரில் மூன்று வீடு இருக்கிறது என்பதை விளங்கப்படுத்தி, சிங்களம் பேச வேண்டிய இடத்தில் பேசிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் இதற்கு நேரம் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் தோட்டங்களுக்குப் போகலாம் என்று யோசிக்கிறேன்.