மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்களுக்கு

போலீஸ் பிடித்துப் போன ஒரு ரவுடியின் படம் கையில் மாவுக்கட்டோடு வந்தால் போதும், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்" என்று எழுதிச் சிரிக்கிறோம். அந்தக் கை உடைந்தது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கைதட்டுகிறோம்.

கைதின்போது பலத்தைப் பயன்படுத்த போலீசுக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 43. ஆள் எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ அவரைப் பிடிக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான் அது. பிடித்தாகிவிட்டது, ஸ்டேஷனில் உட்கார வைத்தாகிவிட்டது என்றால் அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் குற்றம். வாக்குமூலம் வாங்க அடித்தால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாக வழக்கு. 7 ஆண்டுக்கு மிகாத தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியம்தானா என்று காரணத்தை எழுதிப் பார்க்க வேண்டும், அவசியமில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குள் போனார்கள். தரையில் உருண்டு புரண்டதால் காயம் என்றது எஃப்ஐஆர். சிறைக்கு அனுப்பலாம் என்று அரசு மருத்துவர் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது. 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தந்தை. எனக்கு அடித்தவர்கள் மேல் இருக்கும் அதே கோபம் அந்தச் சான்றின் மேலும் இருக்கிறது.

உருண்டு விழுந்த காயத்தை மருத்துவர் கண்டுபிடிக்க முடியாதா? விழுந்தால் முட்டி, முழங்கை, உள்ளங்கை என்று எலும்பு துருத்திய இடங்களில்தான் தோல் உரசும். லத்தி அடி பிட்டத்திலும் பின்தொடையிலும் உள்ளங்காலிலும் இருக்கும். இரண்டு சிவந்த கோடுகள், நடுவில் வெளிறிய பட்டை. பார்த்த உடனே தெரிந்துவிடும். பார்க்கத் துணியை விலக்க வேண்டும், அவ்வளவுதான். போலீஸ் பக்கத்தில் நிற்க, "காயம் இருக்கா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டு எழுதுவது பரிசோதனை ஆகாது.

வீட்டில் யாரையாவது பிடித்துப் போனால்: கைதுக் குறிப்பில் நேரம் இருக்கிறதா, சாட்சி கையெழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கிடைக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 53 சொல்கிறது. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பியும், அதாவது காயங்களை எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலும், கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் "அடித்தார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி, காயத்தைக் காட்டி, பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அங்கே பயந்து பேசாமல் இருந்தால், "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்றுதான் பின்னால் கேட்பார்கள்.

ஆழமான கன்றல் ஓரிரு நாள் கழித்தே தோலில் தெரியும். அதனால் மறுபரிசோதனை கேட்டு மனு போடுங்கள். சிறுநீர் குறைந்து காப்பி நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நசுங்கிய தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தை அடைக்கிறது. வெளியே பெரிய காயமே இல்லாமல் ஆள் சாவது பலநேரம் இப்படித்தான்.

அடுத்தது கேமரா. சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை பிறகு விசாரணைக்குப் போன வேறொரு மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அங்கேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னதால்தான் அந்த இரவில் நடந்தது வெளியே வந்தது. அந்தத் துணிவை எல்லா ஸ்டேஷனிலும் எதிர்பார்க்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில், ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே ரிமாண்ட் அன்றைக்கே, எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி வக்கீல் மூலம் மனு போட்டுவிடுங்கள்.