சங்கமன்கண்டியில் நின்று தெற்கே பாருங்கள்

“என்ன புள்ள, பென்குயினுக்குமா கையெழுத்து? எங்கட வலைக்கு ஆரும் கையெழுத்து வைச்சவங்களா?”

போன கிழமை திருக்கோவில் கடற்கரையில், வாடி வாசலில் வைத்து என் சின்னப்பா கேட்டது இது. என் கையில் எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் எழுதிய கடிதமும் கையெழுத்துத் தாளும் இருந்தன. அவர் கோபப்படவில்லை. குனிந்த தலை நிமிராமல் வலை பொத்திக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் அன்று எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த பதிலை இங்கே எழுதுகிறேன். அவருக்கும், “எங்களுக்கே ஆயிரம் பிரச்சினை, இதுக்குள்ள பனிக்கரடியா?” என்று கேட்கிற எல்லாருக்கும்.

முதலில் அந்தக் கடிதம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இலங்கையின் ஆகக் கிழக்கு முனை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில், சங்கமன்கண்டி. பூகோள உருண்டையில் அந்த இடத்தில் ஒரு நூலை வைத்து நேரே தெற்கே இழுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் வெறும் தண்ணீர். குறுக்கே ஒரு தீவுகூட இல்லை. நூல் போய் முட்டுகிற முதல் நிலம் அந்தாட்டிக்கா. “அப்ப அவங்க எங்கட பக்கத்து வளவு, என்ன டீச்சர்?” என்றான் ஒரு பையன். அந்தக் கேள்வியில் இருந்துதான் கடிதம் பிறந்தது. அந்தக் கிழக்கு அந்தாட்டிக்காக் கடலின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வலயமாக்க வேண்டும் என்ற யோசனை பத்து வருஷத்துக்கு மேலாகக் கிடப்பில் கிடக்கிறது. அந்தக் கடலின் உயிர்களைப் பாதுகாக்கும் சர்வதேச ஆணைக்குழுவில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமித்துச் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். சீனாவும் ரஷ்யாவும் சம்மதிக்கவில்லை. கொழும்பில் உள்ள அந்த இரண்டு தூதரகங்களுக்கும்தான் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, அங்கே அப்படி என்ன நடக்கிறது? 2022இன் கடைசியில் அந்தாட்டிக்காவின் மறுபக்கத்தில், பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில், எம்பெரர் பென்குயின்கள் குஞ்சு வளர்க்கும் கடற்பனி நேரத்துக்கு முந்தி உடைந்துபோனது. தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்கும் வரைக்கும் அந்தக் குஞ்சுகளுக்கு நீந்த முடியாது. காலுக்குக் கீழே தரை போனால் போனதுதான். அந்தப் பகுதியில் இருந்த ஐந்து கூட்டங்களில் நாலில் ஒரு குஞ்சுகூடத் தப்பியிருக்காது என்று செய்மதிப் படங்களை வைத்துச் சொன்னார்கள்.

அந்தப் பனியை உடைத்த வெப்பம் எங்கள் மணலிலும் இருக்கிறது. கடலாமை முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். இன்னும் சூடு ஏறினால் முட்டையே அவிந்துவிடும். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடக்குப் பகுதியில் வளரும் இளம் பேராமைகளில், அதாவது பச்சைக் கடலாமைகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண் என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். ஆண் இல்லாமல் எத்தனை தலைமுறைக்கு முட்டை இடுவது? பென்குயினுக்கு ஒரு கடல், ஆமைக்கு இன்னொரு கடல் என்று எதுவும் இல்லை, சின்னப்பா. நீங்கள் வலை போடுவதும் அதே கடலில்தான்.

அவருக்கு ஆமையில் அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். இந்தச் சித்திரையில் ஒருநாள் விடியப்புறம் போன் எடுத்து, “புள்ள, ஒருக்கா கரைக்கு வா” என்றார். போனால், அலை நனைக்கும் விளிம்பில் ஒரு சிற்றாமை. ஒலிவ் ரிட்லி என்று புத்தகங்களில் இருப்பது. பச்சை நைலோன் வலைத்துண்டு ஒன்று கழுத்தையும் வலது முன்துடுப்பையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. வலைக்குள் ஒரு சோடாப் போத்தலும் சிக்கியிருந்தது. எத்தனை நாள் இழுத்துக்கொண்டு திரிந்ததோ, நைலோன் தோலை அறுத்துத் தசைக்குள் இறங்கி, சுற்றிவர வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. சின்னப்பா வலையைத் தூக்கிக் கண்ணியைப் பார்த்தார். “இது எங்கட ஆக்கள்ர வலை இல்ல. ஆழ்கடல் வலை” என்றார்.

நான் ஒரு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். எது என்று எழுதவில்லை. வாகனம் வெளியே போயிருக்கிறது, பின்னேரம் பார்க்கலாம் என்றார்கள். பின்னேரம் வரைக்கும் அந்த வெயிலில் அது தாங்காது. சின்னப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. சாக்கை நனைத்து அதன் தலைக்கு மேல் போட்டார். முழங்காலை ஓட்டில் பாரம் வைக்காமல் ஊன்றிக்கொண்டு, மீன் வெட்டுகிற சின்னக் கத்தியின் நுனியால் ஒவ்வொரு நூலாகத் தூக்கித் தூக்கி அறுத்தார். தசைக்குள் கிடந்த நூலை மட்டும் அறுக்காமல், விரலால் மெதுவாக நெருடி வெளியே எடுத்தார். இருபது நிமிஷத்துக்கு மேல் பிடித்தது. சாக்கை எடுத்தபோது கண்ணோரத்தில் இருந்து தண்ணீர் வடிந்தது. “அழுகுது பாரு” என்றார். ஆமை உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரச் சுரப்பியால் வெளியேற்றும், அது அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. தண்ணீருக்குள் போய், ஒருதரம் தலையைத் தூக்கி மூச்சு எடுத்தது. பிறகு காணவில்லை.

வாடிக்குத் திரும்பும்போது அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். “போன வருஷம் என்ட வலையை ரெண்டு தரம் வெட்டி ஆமையை விட்டன். மறுகா வலை வாங்கின காசை ஆமை தருமா?”

கடலாமைக்கு நுரையீரல்தான். வலையில் சிக்கிப் பதறினால் உள்ளே இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. ஆக, அதைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அந்த நேரத்தில் அந்தத் தோணியில் இருப்பவர்தான். வனஜீவராசிகள் திணைக்களமோ, கொழும்பில் கருத்தரங்கு வைப்பவர்களோ, நானோ இல்லை. கடலாமையைக் கொல்வதும் முட்டை எடுப்பதும் சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டம் இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு எந்த ஆமையையும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான நம்பிக்கை. வலையை வெட்டச் சொல்கிற நாங்கள் அந்த வலையின் விலையில் பங்கெடுக்க வேண்டும்.

இதைச் செய்துகாட்டிய ஊர் இருக்கிறது. குஜராத் கரையில் ஒருகாலத்தில் திமிங்கிலச் சுறாவை வேட்டையாடினார்கள், அதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசினார்கள். 2001இல் இந்தியா அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. வேட்டையை உண்மையில் நிறுத்தியது 2004இல் தொடங்கிய ஒரு பிரசாரம். ராமகதை சொல்லும் மொராரி பாபு, அந்தச் சுறாவைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மீனவர்களுக்குச் சொன்னார். ‘வாலி’, செல்லமானவள் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். வெட்டின வலைக்கு நட்டஈடு கொடுக்க அரசும் முன்வந்தது. அதற்குப் பிறகு மீனவர்களே தங்கள் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விட்டிருக்கிறார்கள்.

மகள் தாய்வீட்டுக்கு வருவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? மட்டக்களப்புத் தேசத்தில் குடி என்ற வம்சமுறை தாய்வழி, வீடு வளவு பெண்பிள்ளைக்கு. ஆமையும் அப்படித்தான். எந்தப் பகுதிக் கரையில் பொரித்ததோ, இருபது முப்பது வருஷம் கழித்து அந்தப் பக்கத்துக்கே முட்டையிட வருகிறது. இடையில் எத்தனை நாட்டுக் கடலைத் தாண்டியிருக்கும்! வந்து பார்த்தால் தாய்வீட்டு வாசலில் ஹோட்டல் வெளிச்சம். குஞ்சு பொரித்து வெளியே வந்தால் கடலின் மினுக்கத்தை நம்பித்தான் ஓடும். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் லைட் பளிச்சென்று எரியும் பக்கத்துக்கு ஓடி, மணலிலேயே காய்ந்து சாகும். எங்கள் வீட்டில் என் சின்ன வயதில் ஆமை முட்டை அவித்திருக்கிறார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

“சனம் சேர்ந்து கத்தி என்ன ஆகப்போகுது?” என்பது அடுத்த கேள்வி. ஆகியிருக்கிறது. 1988இல் அந்தாட்டிக்காவில் கனிமம் தோண்ட ஒரு உடன்படிக்கையே எழுதி முடித்திருந்தார்கள். உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பில் அவுஸ்திரேலியாவும் பிரான்சும் பின்வாங்கின. 1991இல் மட்ரிட்டில் தோண்டுவதையே தடைசெய்து கையெழுத்திட்டார்கள். கனடாவின் பனிக்கரையில் வெள்ளை மயிர் மாறாத சீல் குட்டிகளை அடித்துக் கொன்றது நின்றதும் அப்படித்தான். ஐரோப்பாவின் சாதாரணச் சனம் அஞ்சலட்டை அஞ்சலட்டையாக எழுதி அனுப்பி, 1983இல் அந்தத் தோலின் இறக்குமதியைத் தடுக்க வைத்தார்கள். திருகோணமலைக் கடலில் நாங்கள் போய்ப் பார்க்கும் நீலத் திமிங்கிலம் இன்று உயிரோடு இருப்பதற்கும், இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலச் சரணாலயம் ஆனதற்கும், 1986இல் வியாபார வேட்டைக்குத் தடை வந்ததற்கும் பின்னால் அதே மாதிரிச் சனத்தின் குரல் இருந்தது. பேராமையைப் பற்றியும் 2025 ஒக்டோபரில் நல்ல செய்தி வந்தது. உலக அளவில் அதன் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் இருந்து அதை இறக்கியிருக்கிறார்கள். ஐம்பது வருஷமாகக் கரை கரையாக முட்டைக்குக் காவல் இருந்தவர்களின் வேலை அது. அழுங்காமைக்கு அந்த நல்ல காலம் இன்னும் வரவில்லை, அது இப்போதும் ஆகக் கடுமையான ஆபத்தில்தான் இருக்கிறது.

எங்களுக்கு வந்த எச்சரிக்கையையும் மறந்துவிட வேண்டாம். 2020 செப்டெம்பர் 3, நியூ டயமண்ட் என்ற கப்பல் தீப்பிடித்தது இதே சங்கமன்கண்டிக்கு வெளியே. அதற்குள் ஏறத்தாழ இரண்டு லட்சத்து எழுபதாயிரம் தொன் மசகு எண்ணெய். மாலுமி ஒருவர் இறந்துபோனார். நாங்கள் கரைக்குப் போய் நின்று பார்த்தோம். அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. தாங்கிகள் தப்பியதால் அந்த எண்ணெய் கடலில் கலக்கவில்லை. அடுத்த வருஷம் மேற்குக் கரைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து 1,680 தொன் அளவு பிளாஸ்டிக் மணிகள் கொட்டின, ஆமைகளும் ஓங்கில்களும் செத்து ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் மீனவர்களும் இருந்தார்கள், சின்னப்பா.

ஆகவே நான் கேட்பது இதுதான். எங்கள் கோயில் திருவிழாக்களுக்கு ஒவ்வொரு குடிக்கும் ஒரு உபயம் இருக்கிறதே, அதைப்போல வெட்டின வலைக்கும் ஒரு உபயம் வைப்போம். கனடாவில், லண்டனில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் திருவிழாவுக்கு அனுப்பும் காசில் ஒரு சிறு பங்கு போதும். ஆமை சிக்கிய வலையைப் போனில் படம் எடுத்து மீனவர் சங்கத்தில் காட்டினால், அடுத்த நாளே நூல் வாங்கக் காசு கையில் இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவம், அலைச்சல் என்று எதுவும் வேண்டாம். மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுத் தோழர்களே, ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் பள்ளிவாசல்களில் இதைப் பேசுங்கள். இந்தக் கரை எங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு லட்சம் காலடி படும் மணலில் ஒரு பொலித்தீன் பையும் மிஞ்சக்கூடாது. தண்ணீரில் மிதக்கும் பை ஆமையின் கண்ணுக்குச் சொறிமுட்டை மாதிரித்தான் தெரியும்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு வாடிக்கு முன்னால் கூடுகிறோம். கரை ஒதுங்கிக் கிடக்கும் வலைத்துண்டுகளை மணலுக்குள் இருந்து இழுத்து எடுப்பதுதான் வேலை. கூரான கத்தியும் கையுறையும் கொண்டுவாருங்கள், தண்ணீர் நாங்கள் குடத்தில் வைத்திருப்போம். கையெழுத்துத் தாளும் அங்கேதான் இருக்கும். நேற்று வரைக்கும் 212 பேர் வைத்திருக்கிறார்கள். சின்னப்பா இன்னும் வைக்கவில்லை. பேனையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “ஞாயிறு எத்தின பேர் வாறாங்க எண்டு பார்ப்பம். மறுகா வைக்கிறன்” என்று சொல்லியிருக்கிறார்.