ஓ.பி. வரிசையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

அக்கா மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தாள். "சித்தி, நானும் உங்கள மாதிரி லேப் லைனுக்கே வரேன்" என்றாள். 22 வருடமாகச் சென்னையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாராமெடிக்கல் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கப் போகிற பெற்றோர் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் லேபில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். பி.எஸ்சி. எம்எல்டி, அதாவது லேப் டெக்னாலஜிப் பட்டம், முதல் வகுப்பு. ஒரு நாள் காலை, வழக்கமான செக்கப்புக்கு வந்த பெரியவர் ஒருவருக்குப் பொட்டாசியம் 9-ஐத் தாண்டிக் காட்டியது. கால்சியமோ அதலபாதாளத்தில். அப்படி ஒரு பொட்டாசியம் உள்ளவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்க மாட்டார். ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் போதவில்லையாம். ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறான்.

ஊதா டியூபுக்குள் இருப்பது இடிடிஏ என்கிற பொட்டாசியம் உப்பு. ரத்தம் உறையாமல் இருக்க அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் மற்ற டியூபில் கலந்தால் போதும், இல்லாத பொட்டாசியம் ஏறும், இருக்கிற கால்சியம் காணாமல் போகும். அதனால்தான் எந்த டியூபை முதலில் நிரப்ப வேண்டும், எதைக் கடைசியில் நிரப்ப வேண்டும் என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறார்கள்.

"காலேஜ்ல சொல்லித் தரலியாப்பா?" என்று கேட்டேன். "வைவாவுக்குப் படிச்சேன் மேடம். பேஷன்ட்கிட்ட எடுத்துப் பழக்கமில்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி ரத்தம் எடுத்தோம். பொட்டாசியம் 4.2, நார்மல். அந்த முதல் ரிப்போர்ட் வெளியே போயிருந்தால், அதை நம்பி ஒரு டாக்டர் பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைவிட என்னைப் பயமுறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நிஜமாகவே பொட்டாசியம் குறைந்த ஒருவரின் டியூபில் இப்படிக் கலந்திருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்திருக்கும். யாருக்குமே சந்தேகம் வந்திருக்காது.

அந்தப் பையனிடம் பட்டம் இருந்தது. அதைக் கொடுத்த இடத்தில் அவன் கைக்கு நோயாளிகள் கிடைக்கவில்லை. மருத்துவம் சார்ந்த எந்தப் படிப்பையும் நான் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுவேன்: மாணவர் கைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், அப்போது பக்கத்தில் நின்று திருத்த யார் இருக்கிறார்கள்?

போன மாதம் நானும் அக்கா மகளும் சென்னைக்கு வெளியே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏசி ஹால், வழவழப்பான பிராஸ்பெக்டஸ், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுக் கொடுக்கிற நாக் கிரேடு பெரிய எழுத்தில். "தினம் ஓ.பி. எவ்வளவு?" என்று கேட்டேன். அட்மிஷன் கவுன்டரில் இருந்த பெண் வேறு யாரிடமோ கேட்கப் போனார், திரும்பி வரவில்லை. நாங்களே ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தோம். காலை பத்தரை மணி. ஓ.பி.யில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வேலை நாளில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இல்லாத ஆஸ்பத்திரியில் எந்த மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்?

நாக் கிரேடு பொய் என்று நான் சொல்லவில்லை. அது மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. இன்ஜினியரிங், எம்பிஏ எல்லாம் அதில் அடக்கம். கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-லிருந்து வருகிறது. அதில் மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி மூன்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு. நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி இவற்றுக்குத் தனிப் பட்டியலே கிடையாது. மெடிக்கல் காலேஜுக்குக் கிடைத்த இடத்தைக் காட்டி லேப் கோர்ஸுக்கு ஆள் சேர்க்கிறார்கள். தேர்ச்சி சதவீதமும் அப்படித்தான். கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளுக்குப் பரீட்சை நடத்துவது பல்கலைக்கழகம். நிகர்நிலையில் பாடம் நடத்துவது, பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது எல்லாம் ஒரே நிர்வாகம். அங்கே நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நர்சுகளுக்கு 1947-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது, பார்மசிஸ்டுகளுக்கு 1948-ல். பேச்சுப் பயிற்சி, செவித்திறன் துறையினருக்கு 1992-ன் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் இருக்கிறது. எங்களுக்கு 2021 வரை எதுவும் இல்லை. அந்த வருடம்தான் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பத்துப் பிரிவுகளில் முதல் பிரிவே லேப் துறை. டிப்ளமோவோ பட்டமோ, துணை மருத்துவப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்றும், ஹெல்த்கேர் புரொஃபஷனல் என்று சொல்லிக்கொள்ள 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இந்தச் சட்டத்தில் வருகிற படிப்புகளைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று 2025-ல் யுஜிசியும் சொல்லிவிட்டது. ஆகவே கவுன்டரில் பட்டத்தின் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும், அது இந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் புதுப் பெயர்களில் கோர்ஸ் ஆரம்பிக்கிறார்கள். பிறகு பதிவுக்கு அலைவது பிள்ளைகள்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நிறுத்துகிற முதல் போஸ்டிங்குக்கு முன்னால் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்களா? முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. இது எனக்கு ரொம்ப முக்கியம். அடுத்தவர் ரத்தத்தோடு பிள்ளையை நிற்க வைக்கிற கல்லூரி அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறதா என்பது இந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். எக்ஸ்ரே படிப்பு என்றால் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு கதிர்வீச்சு உடம்பில் பட்டது என்று கணக்கு வைக்கிற சின்ன அட்டை அது; மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பி அளக்க வேண்டும். லேபாக இருந்தால், காலையில் முதல் சாம்பிள் போடுவதற்கு முன் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டி, மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிற எல்.ஜே. சார்ட்டில் புள்ளி வைப்பது மாணவரா, இல்லை சார்ட் சுவரில் சும்மா தொங்குகிறதா என்று விசாரியுங்கள். இன்டர்ன்ஷிப் ஆறு மாதமோ ஒரு வருடமோ, அதில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி என்று சுற்றி வருகிறார்களா? சம்பளமில்லாத ஆளாக கலெக்‌ஷன் கவுன்டரிலேயே உட்கார வைத்துவிடுகிற இடங்கள் இருக்கின்றன.

"அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவங்க என்ன பண்றது?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. இடங்கள் குறைவுதான். கீழ்ப்பாக்கத்தில் மருத்துவப் படிப்புகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிற அரசுத் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வருகின்றன. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். நன்றாகச் சொல்லித் தருகிற தனியார் கல்லூரிகளும் உண்டு. அங்கிருந்து வந்தவர்கள் எங்கள் லேபில் தங்கமாக வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "எங்க ஆஸ்பத்திரில கூட்டம் தாங்காது மேடம்."

அந்தப் பல்கலைக்கழகத்தில், கிளம்புகிற நேரத்தில், கேன்டீன் வாசலில் நின்ற மூன்றாம் வருடப் பெண்ணிடம் அக்கா மகள் போய்ப் பேசினாள். "அக்கா, நீங்க இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருப்பீங்க?" அந்தப் பெண் விரல் விட்டு எண்ணினாள். "கிளாஸ் பிள்ளைங்களுக்குத்தான். ஒரு ஏழெட்டுப் பேர் இருக்கும்." தாம்பரம் வரும் வரை இவள் வாயே திறக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளைச் சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்.சுக்கு அழைத்துப் போனேன். காலை எட்டு மணி. ரத்தம் கொடுக்க வரிசை வளைந்து நின்றது. எனக்குத் தெரிந்தவரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை அவள் ஓரமாக நின்று ஒரு பயிற்சி மாணவியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னாள்: "சித்தி, அந்த அக்கா சீட்டுல பேர் இருந்தும் ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்க பேர் என்னன்னு கேட்டாங்க. அவங்களே வாயால சொல்ற வரைக்கும் ஊசியைத் தொடல. எடுத்து முடிச்சு, அவங்க எதிர்லயே டியூப்ல லேபிள் ஒட்டுனதுக்கு அப்புறம்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க."