கட்டப்படாத பல்கலைக்கழகத்தில் என்ன இரகசியம்?

கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, தேசியப் பாதுகாப்பைப் பற்றிய உயர்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1999இல் பரிந்துரைத்தது. 2010இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. 2013 மே மாதம் அரியானாவின் பினோலாவில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கையோ, 395 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு 4,007 கோடியாக ஏறிவிட்டதையும், பல்கலைக்கழகம் இன்னும் செயலுக்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்தது.

பாதுகாப்புத் துறையின் தணிக்கை அறிக்கைகளை இணையதளத்தில் ஏற்றுவதில்லை என்ற முடிவு, அந்த அறிக்கை வந்த காலத்தில் சிஏஜியாக இருந்த ராஜீவ் மெஹ்ரிஷியின் பதவிக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. எதிரி நாட்டவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நம் பலவீனங்களைப் படித்துவிடுவார்கள் என்ற கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. 152 வகை வெடிமருந்துகளில் 61 வகைகளின் கையிருப்பு பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்று 2017 அறிக்கை வெளிப்படையாகச் சொன்னபோது அந்தக் கவலை நியாயமாகவே எழுந்தது. ஆனால், ஒரு பல்கலைக்கழகம் ஏன் எழவில்லை என்பதிலும், சியாச்சின் வீரர்களுக்குப் புதுக் காலணிகள் வராததால் பழையவற்றையே மறுபடி பயன்படுத்த நேர்ந்ததிலும் (இதுவும் அதே 2020 அறிக்கையில் உள்ளதுதான்) எதிரியிடமிருந்து மறைக்க என்ன இருக்கிறது? மறைக்கப்படுவது அந்த வீரரின் பெற்றோரிடமிருந்துதான்.

பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றி 2025 டிசம்பரில் வந்த தணிக்கையை எண்ணிப் பாருங்கள். பயிற்சி பெற்றவர்களில் 94 சதவீதத்துக்கும் மேலானோரின் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பூஜ்யங்களாகவோ இருந்ததை நாடே அறிந்து கேள்வி கேட்டது. அறிக்கை பொதுவெளிக்கு வந்ததால்தான் அது நடந்தது.

மறைக்க வேண்டியதை மட்டும் மறைப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. 2019இல் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய தணிக்கை அறிக்கையில் விலை விவரங்களை மட்டும் அழித்துவிட்டு மற்றவற்றை அவையில் வைத்தார்கள். விலையை மறைத்தது சரியா என்பதில் எனக்கு வலுவான ஐயம் உண்டு. அது வேறு விவாதம். எந்தப் பத்தியை மறைப்பது என்பதைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் விருப்பத்துக்கு விடாமல், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு காரணத்தைக் கேட்டு முடிவு செய்யட்டும். எஞ்சிய பகுதி, அறிக்கை அவையில் வைக்கப்படும் அன்றே மக்களுக்கும் கிடைக்கட்டும். இதைக் கேட்டு நம் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும் என்று நண்பர்களை வேண்டுகிறேன். நான் என் கடிதத்தில் முதலில் கேட்கப்போவது பினோலாவின் கணக்கைத்தான்.